பழைய பேப்பரில் வந்த பத்திகளைத் தேடித் திரட்டிக் காப்பாற்றுவது எப்படி: வன்னியில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக இருக்கிற வீடு இப்போது அபூர்வம். இடப்பெயர்வுகளில் போனது போக, எஞ்சியது பெரும்பாலும் நறுக்குகள்தான்: காணி அனுமதிப்பத்திரக் கோவைக்குள் மடித்து வைத்தது, பஞ்சாங்கத்துக்குள் கிடப்பது, றங்குப்பெட்டியின் அடியில் விரித்தது. அப்பாவோ அப்பப்பாவோ கிழமை தவறாமல் வாசித்த ஒரு பத்தி எழுத்தாளரின் எழுத்து அவற்றில்தான் உயிரோடு இருக்கிறது.

அதைத் திரட்ட ஆசைப்படுகிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் முக்கால்வாசிப் பேர் கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள், அதாவது வெட்டி, ஒட்டி, லாமினேட் பண்ணிவிட்டு, அப்புறம் இது எந்தப் பேப்பர், எந்த வருடம் என்று கேட்கிறார்கள். சரியான ஒழுங்கு நேர்மாறானது. முதலில் ஆள், பிறகு திகதி, பிறகு படம், கடைசியில்தான் பழுது பார்ப்பது.

1. ஒரு பேப்பரை அல்ல, ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

"பழைய பேப்பர் எல்லாம் சேர்க்கப் போகிறேன்" என்று தொடங்கினால் ஒரு அறை நிறையக் கட்டுச் சேரும், வேலை நகராது. ஒரு எழுத்தாளர், அல்லது ஒரே தலைப்பில் வந்த ஒரு பத்தி என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். எதை விடலாம் என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்முடைய மூத்த பத்திரிகையாளர்கள் ஒரே இடத்தில் இருந்தவர்கள் அல்லர். எஸ். டி. சிவநாயகம் சுதந்திரனிலும் பிறகு தினபதி, சிந்தாமணியிலும் இருந்தார். கோபு என்று எல்லோரும் அழைத்த எஸ். எம். கோபாலரத்தினம் ஈழநாட்டுக்கும் பின்னர் ஈழமுரசுக்கும் ஆசிரியராக இருந்தார். பேப்பரின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆளைப் பாதி வழியில் தொலைத்துவிடுவீர்கள்.

ஆகவே ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: சொந்தப் பெயர், புனைபெயர்கள், பத்தியின் தலைப்பு, எந்த எந்தப் பேப்பர், ஏறத்தாழ எந்த வருடங்கள். வீட்டில் வாசித்தவர் யாராவது இருந்தால் "எந்தக் கிழமையில் வரும், எந்தப் பக்கத்தில் வரும்" என்று கேளுங்கள். வருடம் மறந்தவர்களுக்கும் இது மறப்பதில்லை, ஏனென்றால் அந்த நாளைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

பேப்பர்களின் வயதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். வீரகேசரியும் ஈழகேசரியும் 1930, தினகரன் 1932, சுதந்திரன் 1947. ஈழகேசரி 1958 இல் நின்றது. ஈழநாடு 1959 இல் வார இதழாகத் தொடங்கி 1961 இல் நாளிதழானது. உதயன் 1985, ஈழநாதம் 1990, தினக்குரல் 1997. யாராவது "1957 ஈழநாட்டில் வாசித்தேன்" என்றால் அது ஈழகேசரியாக இருக்கலாம், அல்லது வருடம் பிசகியிருக்கலாம். அவரோடு வாதாட வேண்டாம். சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் சந்தேகத்தையும் எழுதுங்கள்.

2. புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியவை

பாவிக்காத, மென்மையான இரண்டு அங்குல பெயின்ற் பிறஷ் ஒன்று. பென்சில் (பேனா வேண்டாம், மை பரவும், அழிக்கவும் முடியாது). வெள்ளைத் தாள்கள், பெரிய கறுப்பு அட்டை ஒன்று, விளிம்பு தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்று, அடிமட்டம், முகக்கவசம், இடம் காலியாக உள்ள போன்.

கையுறை தேவையில்லை. கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து, நொறுங்கும் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள்.

கொண்டு போகக் கூடாதவை: செலோடேப், பசை, ஸ்ரேப்ளர், இறப்பர் வளையம், கத்தரிக்கோல். கையில் இருந்தால் பாவிக்கத் தோன்றும்.

காலமும் முக்கியம். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழையில் கட்டை அவிழ்த்தால் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பிவிட்டால் திறந்த விறாந்தையில் ஒரு தாளையும் விரிக்க முடியாது, புழுதியும் சேர்ந்து படியும். மாசி, பங்குனி, சித்திரைதான் வன்னியில் இந்த வேலைக்கு வாய்ப்பான மாதங்கள்.

3. வீட்டுக்குப் போனால் முதலில் கதை, பிறகுதான் கட்டு

புதிதாகப் போகிறவர்கள் வாசலிலேயே "பழைய பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்று பதில் வரும், பழைய பேப்பர் வாங்க வந்தவர் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். இருந்து, தண்ணீர் குடித்து, எழுத்தாளரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். "ஐயா, அவருடைய பத்தியை நீங்கள் வாசிப்பீர்களாம், அம்மா சொன்னவ" என்றால் போதும். ஐயா தானாகவே எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவார்.

யாரிடம் போவது? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால் கந்தோரிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வேலை செய்தவர்கள், சனசமூக நிலையத்தில் பேப்பர் விரித்து வைத்தவர்கள். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மல்லாவி, அக்கராயன் போன்ற பழைய ஊர்களில் சனசமூக நிலையத்தில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட வழக்கம் இருந்தது. அப்படி வாசித்தவர்களுக்குச் சில பத்திகள் வரி வரியாக மனப்பாடம். அவர்கள் சொல்வதை அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். தாள் கிடைக்காத பத்திக்கு அதுதான் ஒரே தடயம்.

"இதை ஏன் வெட்டி வைத்தீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு நறுக்கை எடுத்தால் ஒரு பக்கத்தில் உங்கள் எழுத்தாளரின் பத்தி இருக்கும், மறு பக்கத்தில் அந்த வீட்டு மகனின் மரண அறிவித்தல் இருக்கும். அவர்கள் வைத்திருப்பது மறு பக்கத்துக்காக. அவனுடைய முகம் உள்ள ஒரே படம் அதுவாகக்கூட இருக்கலாம். இது தெரியாமல் பத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது பெரிய பிழை. அந்தப் பக்கத்தையும் அதே கவனத்தோடு படம் எடுத்து, ஒரு பிரதியைச் சட்டம் போடும் அளவில் அச்சடித்து அவர்களிடம் கொடுங்கள்.

தாளைக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். "அம்மா, ஒன்றும் கொண்டுபோகவில்லை, இந்த மேசையிலேயே வைத்துப் படம் எடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனையோ பொருளை இழந்த சனம், கையில் மிஞ்சியதைப் பிரியச் சொன்னால் தயங்கத்தான் செய்யும். அவர்களாகவே தந்தால் என்ன, எத்தனை, எப்போது திருப்பித் தருவது என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுங்கள். சிலர் தங்களிடம் பழைய பேப்பர் இருப்பதையே வெளியில் சொல்ல விரும்பமாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள், அவர்களின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள்.

4. கட்டை அவிழ்க்குமுன் அப்படியே ஒரு படம்

கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுத்து ஒரு இலக்கம் கொடுங்கள். மேலிருந்து கீழாக எடுக்கும் ஒழுங்கிலேயே நறுக்குகளுக்கும் இலக்கம் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தவை பெரும்பாலும் அடுத்தடுத்து வெட்டப்பட்டவை. திகதி இல்லாத நறுக்குக்கு மேலும் கீழும் திகதி உள்ளவை இருந்தால் அதுவே பாதி விடை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டி "பிறகு அடுக்கலாம்" என்றால் அந்த விடை போய்விடும், திரும்பி வராது.

5. விரிப்பதும் தூசி துடைப்பதும்

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, தாளில் அமிலத்தைக் கூட்டி, நாரை நொறுக்குகிறது. மடிப்பில்தான் முதலில் உடையும். அதனால் மடிப்பை இழுத்து விரிக்காதீர்கள். காலையில் காற்றில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போது தாள் இணங்கும், நண்பகல் வெக்கையில் அதே தாள் அப்பளமாக உடையும்.

பிறஷால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். கறையான் மண் ஒட்டியிருந்தால் நனைத்துக் கழுவ நினைக்காதீர்கள், உலர்ந்த மண் பிறஷுக்கே உதிரும். பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம், மை கலங்கும். பூஞ்சணம் இருந்தால் முகக்கவசத்தோடு வெளியில் வைத்து, மற்றக் கட்டுகளுக்குத் தூரத்தில் துடையுங்கள்.

மழையில் நனைந்து ஒட்டிய தாள்களை ஈரத்தோடு உரிக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அந்தத் தாள்களை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு உடையும்.

6. திகதியைக் கண்டுபிடிப்பது

முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். திகதி இல்லாத பத்தி ஒரு கருத்து மட்டும்தான், எந்தச் செய்தி வந்த கிழமையில் எழுதினார் என்று தெரிந்தால்தான் அவர் என்ன துணிவோடு எழுதினார் என்று புரியும்.

நறுக்கைத் திருப்புங்கள். பத்தியில் திகதி இராது, பின்பக்கத்தில் இருக்கும். மரண அறிவித்தல், படமாளிகை விளம்பரம், வானொலி நிகழ்ச்சி, அதிர்ஷ்டலாபச் சீட்டு முடிவு, கேள்விப்பத்திர அறிவித்தல், எல்லாமே நாளும் திகதியும் சொல்லும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட மரண அறிவித்தலில் "மார்ச் 12, வியாழக்கிழமை காலமானார்" என்று மட்டும் இருக்கிறது, வருடம் இல்லை. போனில் உள்ள நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மார்ச் 12 வியாழனில் வந்தது 1970, 1981, 1987 ஆகிய மூன்று வருடங்களில் மட்டும்தான். இனிப் பத்தியை வாசியுங்கள். அதில் "கிளிநொச்சி மாவட்டம்" என்று வருகிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முதல் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. ஆகவே 1987. மூன்று தடயமும் ஒரே துண்டுத் தாளில் இருந்தன.

இப்படி உதவும் வேறு சில அடையாளங்கள்: முல்லைத்தீவு மாவட்டம் என்று எழுதியிருந்தால் 1978 க்குப் பிந்தியது. இலங்கையின் ஆட்சித் தலைவரை மகாதேசாதிபதி என்றால் 1972 மே மாதத்துக்கு முந்தியது, ஜனாதிபதி என்றால் பிந்தியது. வார விடுமுறையே ஞாயிறு அல்ல, போயாதான் (சந்திரனின் நிலையைப் பார்த்து வரும் நாள்) என்ற பாங்கில் பேசினால் 1966 முதல் 1971 வரையான காலம். கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகியிருந்தால், பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் வராத தொண்ணூறுகளின் வடக்குப் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்து வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய லை, னை, ணை இருந்தால் 1978 க்கு முந்தியது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த வருட எழுத்துச் சீர்திருத்த ஆணை தமிழ்நாட்டு அரசினுடையது. இங்கே அச்சகங்கள் கையில் இருந்த எழுத்துகளோடு பின்னரும் வேலை செய்தன.

கண்டுபிடித்த திகதியைத் தாளில் எழுதாதீர்கள். கொப்பியில், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதோடு எழுதுங்கள். "உறுதி", "ஊகம்" என்று பிரித்துக் குறியுங்கள். காரணம் எழுதாத ஊகம் அடுத்தவர் கைக்குப் போகும்போது உறுதியாகிவிடும்.

7. படம் எடுப்பது

நிழலான விறாந்தை, பகல் வெளிச்சம், பிளாஷ் இல்லை. தாளுக்குக் கீழே கறுப்பு அட்டையை வையுங்கள். பேப்பர்த் தாள் மெல்லியது, வெள்ளை மேசையில் வைத்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். கறுப்பு அட்டையில் அது அடங்கிவிடும். இந்த ஒரு மாற்றத்தாலேயே வாசிக்க முடியாத படம் வாசிக்கக்கூடியதாவதைப் பார்க்கலாம்.

போன் தாளுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே போனை வைத்தால் கை நடுங்காது. தாள் சுருண்டால் கண்ணாடியை மெதுவாக மேலே வையுங்கள், உங்கள் நிழலும் கூரைத் தகட்டின் பளபளப்பும் அதில் விழாத பக்கமாகத் திரும்புங்கள். அடிமட்டத்தை ஓரத்தில் வைத்தால் அளவு பிறகும் தெரியும்.

முழுப் பக்கம் கிடைத்தால் ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். பெரிய பேப்பரின் உயரம் ஏறத்தாழ 23 அங்குலம். 12 மெகாபிக்சல் போனில் நீளப் பக்கம் 4000 புள்ளிகள். பிரித்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு 175 புள்ளிகூட வராது, சிறிய எழுத்தை வாசிக்க 300 ஆவது வேண்டும். அதனால் முழுப் பக்கத்துக்கு ஒன்று, பிறகு நாலு கால்பகுதிகளுக்கும் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒவ்வொன்று. பின்பக்கத்துக்கும் அப்படியே.

பத்தியை மட்டும் எடுத்துவிட்டு விளம்பரத்தை விடுவது அடிக்கடி நடக்கிற பிழை. அந்தப் பத்தியை அந்தக் காலத்து வாசகர் எதற்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார் என்பது முழுப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தக் கடையில் என்ன விலை, எந்த ஊரில் எந்தக் கூட்டம், எல்லாம் அங்கேதான்.

வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து, மூலையில் உள்ள மிகச் சிறிய எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

8. பெயரிடுவதும் பிரதி வைப்பதும்

கோப்பின் பெயர் வருடம், மாதம், நாள், பேப்பர், பத்தி, பக்கம் என்ற ஒழுங்கில் இருக்கட்டும்: 1987-03-15-வீரகேசரி-பத்தியின்பெயர்-ப06. வருடம் முன்னுக்கு வந்தால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். திகதி தெரியாத இடத்தில் பூச்சியம் போடுங்கள், ஊகத்தைப் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்புங்கள். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில் அல்லது வேறு ஊரில் உள்ள உறவினரிடம். எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை வன்னியில் இருப்பவருக்கு விளக்கத் தேவையில்லை.

9. தட்டச்சு

கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு எடுத்துத் தரும். பழைய லை, னை, றா வடிவங்களிலும் கொப்பித்தாளின் கோடுகளிலும் தடுமாறும். ஆகவே ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க, மற்றவர் திரையில் சரிபாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் விழும்.

எழுத்தாளரின் நடையைத் திருத்தாதீர்கள். அவர் "கந்தோர்" என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். அச்சுப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் அடைப்புக்குறியில் சரியானதைப் போடுங்கள். கிழிந்த இடத்தில் எத்தனை வரி போயிருக்கிறது என்று குறியுங்கள், உங்கள் சொல்லால் நிரப்பாதீர்கள்.

10. தாளை வைப்பது

லாமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு எடுக்க முடியாது, அமிலம் உள்ளுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். செலோடேப்பின் பசை சில வருடங்களில் பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கும். கிழிந்த துண்டுகளை ஒட்டாமல், மடித்த வெள்ளைத் தாளுக்குள் சேர்த்து வைத்தாலே போதும்.

மடிக்காமல் தட்டையாக, அட்டைப்பெட்டியில், சுவரில் இருந்தும் நிலத்தில் இருந்தும் விலக்கி வையுங்கள். கறையான் நிலத்தாலும் சுவராலும்தான் ஏறும், கால் உள்ள வாங்கில் வைத்தால் ஏறுவது கண்ணில் படும். உலர்ந்த வேப்பிலை போட விரும்பினால் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், தாளில் நேரே பட்டால் கறை பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பூட்டி வைத்து மறந்த பெட்டிதான் முதலில் போகும்.

11. பகிர்வதும் விடுபட்டதைத் தேடுவதும்

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் இருக்கும். ஆகவே உங்கள் எழுத்தாளரின் பத்திகள் பெரும்பாலும் இன்னும் உரிமைக்குள்தான். தொகுத்து வெளியிடுவதற்கு முன் குடும்பத்தையும் பத்திரிகையையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் குடும்பத்தாரிடம் இருக்கிற கையெழுத்துப் பிரதிகளும் வெளிவரக்கூடும்.

2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள் பல ஏற்கெனவே இருக்கின்றன. உங்களிடம் உள்ள திகதி அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாததை அவர்களுக்குக் கொடுங்கள். வீட்டுக்காரரின் அனுமதி அதற்கும் வேண்டும்.

இப்போது கொப்பியைத் திறந்து ஒரு நாட்காட்டி வரையுங்கள். பத்தி வந்த கிழமைகள் எல்லாவற்றையும் கட்டமாகப் போட்டு, கிடைத்தவற்றை நிரப்புங்கள். வெறுமையாக இருக்கும் கட்டங்கள்தான் அடுத்த பட்டியல். கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் யாழ். பல்கலைக்கழக நூலகத்திலும் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. அங்கே போய் "அவருடைய பத்திகள் வேண்டும்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. "இந்தப் பேப்பர், இந்த ஞாயிறு, ஆறாம் பக்கம்" என்று எழுதிக்கொண்டு போனால் எடுத்துத் தருவார்கள்.